விரல்களைத் தவிர அனைவரும் நலம்

லண்டன்,
டிசம்பர் மாதம், மாலை 4 மணி (இருட்டிவிட்டது).

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்குத் தம்பி மகன் எழுதும் மடல். இங்கு விரல்களைத் தவிர மற்றவை யாவும் நலம்.

பொங்கல் கழிந்ததும் இந்நகருக்கு வேலைக்கு வரவிருக்கும் தங்கள் மகன் ஸ்கூட்டரில் பணிக்குச் செல்ல எண்ணியிருப்பதாகவும், அதற்கான கையுறையை மதுரையிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்றும் தாங்கள் வினவியிருந்தீர்கள். ஓய்வுபெற்ற பின்னும் வரையறையில் தொடங்காத விடைக்குத் தாங்கள் மதிப்பெண் தருவதில்லை என்பது குடும்பம் அறிந்த செய்தியாதலால், வரையறை முதலில் வருகிறது. குளிர்கால மோட்டார் சைக்கிள் கையுறை எனப்படுவது கையைச் சூடாக்கும் பொருளன்று. உடல் உண்டாக்கி அனுப்பிய சூடு கையை விட்டு வெளியேறும் வேகத்தைக் குறைக்கும் உறை மட்டுமே. இதை மறந்தவர்கள் நவம்பரில் ஒரு கையுறை வாங்குகிறார்கள். பிப்ரவரியில் அதைவிட விலை கூடிய மற்றொன்றை வாங்குகிறார்கள்.

லண்டன் குளிர் துருவக் குளிரன்று. ஜனவரியில் பகல் வெப்பநிலை 8 டிகிரி செல்சியசை ஒட்டியும் இரவு வெப்பநிலை 2, 3 டிகிரியை ஒட்டியும் நிற்பதே வழக்கம் என்பதால், கனடாவில் குடியேறிய உறவினர்கள் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. ஆனால் அங்கே பெரும்பாலோர் பனிக்காலம் முழுவதும் வண்டியை மூடி நிறுத்திவிடுகிறார்கள். லண்டன்வாசியோ, சாலையில் பனி அபூர்வமாகவே படிகிறது என்ற ஒரே காரணத்தால், ஆண்டு முழுவதும் ஓட்டித் துன்புறும் உரிமையைப் பெற்றிருக்கிறார். அத்துன்பத்தை அளக்கக் காற்றுக்குளிர் என்றொரு கணக்கு உண்டு. வீசும் காற்றில் தோல் எவ்வளவு சூட்டை இழக்கிறதோ, அதே அளவு இழப்பு காற்று அடங்கிய நிலையில் எந்த வெப்பநிலையில் நேரும் என்று கூறுவதே அது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற அமெரிக்கர் இருவர், அண்டார்க்டிகாவில் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, அது உறைய ஆகும் நேரத்தை அளந்து 1945இல் இக்கணக்கை வெளியிட்டனர். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்தி ஏற்றன.

திருத்திய சூத்திரத்தின்படி, 3 டிகிரிக் காலையில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர், வேகத்தில் செல்பவருக்குக் குளிர் மைனஸ் 4 டிகிரியாக உறைக்கிறது. மோட்டார்வேயின் உச்ச வரம்பான 70 மைலில் அது மைனஸ் 7 ஆகிறது. வேகம் இருமடங்குக்கு மேல் கூடியும் குளிர் 3 டிகிரிதான் கூடுகிறது என்பதால், “மெதுவாகத்தானே ஓட்டப்போகிறேன்” என்று தங்கள் மகனான தம்பி சொல்லும் சமாதானம் எடுபடாது. முதல் 30 மைலே செய்ய வேண்டிய கேட்டையெல்லாம் செய்து முடித்துவிடும். (அச்சூத்திரம் நடந்துகொண்டிருந்தவர்களின் முகத்தை வைத்து அமைக்கப்பட்டது, ஆகவே விரலுக்கு அப்படியே பொருந்தாது. விரலின் நிலை முகத்தினும் பரிதாபமானது.)

அதற்குக் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. விரலை இயக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருப்பதால் விரலுக்குள் சூடு உண்டாக்கும் சதை மிகக் குறைவு. விரலின் பருமனை நோக்க அதன் மேற்பரப்போ மிக அதிகம். போதாக்குறைக்கு, உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும் உள்ளுறுப்புகளைக் காக்கும் பொருட்டு விரல்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருக்கப்படுவதால், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வந்தவரின் இலைபோல விரல் வெறுமையாகக் காத்திருக்க நேர்கிறது. கடுங்குளிரில் இக்குழாய்கள் இடையிடையே தாமே விரிந்து மீண்டும் சுருங்குவதை இந்த லண்டனில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் விவரித்தார். இயற்கையின் அச்சிறு கருணையை நம்பி வண்டி ஓட்ட முடியாது. விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுண்ணிய அசைவு குன்றும். 8 டிகிரியை நெருங்கினால் தொடுவுணர்வே மங்கும். இங்குள்ள ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு பிரேக்குகளும் கையில்தான் என்பதைத் தாங்கள் இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

கையுறையின் உள்ளமைப்பு நான்கு அடுக்குகளாலானது: வெளியே தோல் அல்லது நைலான், அதன் கீழே கோர்-டெக்ஸ் போன்ற நீர்தடுப்புச் சவ்வு, அடுத்துத் தின்சுலேட் முதலிய நுண்ணிழைப் பஞ்சு, கடைசியில் கையைத் தொடும் உள்துணி. இவற்றுள் சூட்டைக் காப்பது உண்மையில் பஞ்சன்று, பஞ்சு அசையாமல் பிடித்துவைக்கும் காற்றே. ஆகவே இறுக்கமான கையுறை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், பயனற்றது. அவ்வாறெனில் பஞ்சைத் தடிமனாக்கிக்கொண்டே போகலாமே எனில், விரல் மெல்லிய உருளை; உறை தடிக்கத் தடிக்க அதன் வெளிப்பரப்பும் பெருகிச் சூட்டை வெளியேற்றும் வாயிலும் அகல்வதால், ஓரளவுக்கு மேல் ஆதாயம் மெலிகிறது. பிடி தெரிய வேண்டும் என்பதற்காக உள்ளங்கைப் பக்கத்தில் பஞ்சைக் குறைத்தே தைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கையுறை ஒரு சமரச ஒப்பந்தமே என்பது விளங்கும்.

மழை வந்தால் அவ்வொப்பந்தமும் முறிகிறது. சவ்வு நீரை உள்ளே விடாமற்போனாலும், வெளித்தோல் நீரைக் குடித்துக் கனத்து, அந்நீர் காற்றில் ஆவியாகும்போது கையின் சூட்டையும் உடன்கொண்டு செல்கிறது. உள்ளே ஊறும் வியர்வைக்கும் வெளியேற வழியடைபடுகிறது. இந்நிலையில் பெட்ரோல் பங்கில் நின்று, சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுக்கக் கையுறையைக் கழற்றும் ஓட்டுநரின் காட்சி தனி ஆய்வுக்குரியது. ஈரவிரலோடு ஒட்டிக்கொண்டு உள்துணி ஐந்து விரல்களும் தலைகீழாக வெளியே வந்துவிடுகிறது. அதை மீண்டும் உள்ளே திணிக்கும்போது மோதிரவிரலின் உறைக்குள் சுண்டுவிரல் புகுந்து, ஒரு விரலுக்கு இடமே இல்லாமற்போகிறது. பின்னால் வரிசையில் நிற்கும் கார்க்காரர் ஒலிப்பானை அழுத்த மாட்டார், ஆங்கிலேயர். ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

கடையில் தொங்கும் சீட்டை நம்பலாமா என்பது அடுத்த ஐயம். மோட்டார் சைக்கிள் கையுறைக்குரிய ஐரோப்பியத் தரமான இஎன் 13594, விழுந்தால் தேயாமை, கிழியாமை, தையலின் உறுதி முதலியவற்றைச் சோதிக்கிறதேயன்றிக் கதகதப்பைச் சோதிப்பதில்லை. குளிர்காப்பை அளக்கும் இஎன் 511 என்ற தரம் வேறு. பனித்துகள் படத்தின் கீழே, காற்றின் குளிருக்கும் தொடும் பொருளின் குளிருக்கும் 0 முதல் 4 வரையும், நீர் புகாமைக்கு 0 அல்லது 1 என்றும் அது மதிப்பெண் தருகிறது. அது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குத் தொழிலாளர் போன்றோரின் கையுறைகளில் காணப்படுவது. ஆகவே மோட்டார் சைக்கிள் கடையில் “விண்டர்” என்று அச்சிட்டிருப்பது, தேர்வெழுதாமலே பெற்ற பட்டம்.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? உணவு கொண்டுசெல்லும் பையன்களின் ஸ்கூட்டர்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். கைப்பிடியின் இருபுறமும் இரண்டு பெரிய பைகளைக் கட்டி, அவற்றுக்குள் கையை நுழைத்து ஓட்டுகிறார்கள். காற்றையும் மழையையும் கைக்கு வருமுன்பே நிறுத்திவிடுவதால், இக்கைமூடிகளுக்குள் சாதாரணக் கையுறையே போதுமானதாகிறது. காண அழகற்றவை என்பதொன்றே இவற்றின் குற்றம். சூடேறும் கைப்பிடிகள் உள்ளங்கையைச் சுடவைக்கும், புறங்கையைக் கைவிடும். கைமூடியோடு சேர்ந்தாலோ இரண்டுக்கும் குறையில்லை. மின்கலம் பொருத்திய கையுறை சில மணி நேரம் அருமையாக வேலை செய்து, வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதியில் விடைபெறும் இயல்புடையது. வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் இணைப்பதே நம்பகமானது. இவையனைத்துக்கும் முன்பாக மார்பையும் கழுத்தையும் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். நடுப்பகுதி குளிராதவரை விரலுக்கு இரத்தம் அவ்வளவு எளிதில் மறுக்கப்படுவதில்லை. பெரியம்மா பின்னிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்த கம்பளிக் கழுத்துத்துணி, இவ்வகையில், கடையின் விலையுயர்ந்த கையுறையினும் மேலானது.

ஆகவே தங்கள் வினாவுக்கு விடை: மதுரையில் வாங்க வேண்டா. அங்கு விற்பவை வெயிலுக்கும் வியர்வைக்கும் உரியவை. கைமூடியும் கையுறையும் இங்கேயே வாங்கிவைக்கப்படும். அளவு தவறினால் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடும் என்பதால், தம்பியின் வலது உள்ளங்கையைக் கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் கணுக்களுக்குச் சற்றுக் கீழே தையல்காரர் நாடாவால் சுற்றி அளந்து, சென்டிமீட்டரில் குறித்து, அவன் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுதியனுப்பும்படி வேண்டிக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்