காதுக்கும் ஒரு பயிற்சி

கேள்வி: ஆங்கிலம் வாசித்தால் புரிகிறது, பேசினால் புரிவதில்லை. காசில்லாமல் கேட்டுப் பழக இணையத்தில் என்ன இருக்கிறது?

பதில்: தாளில் தள்ளி நிற்கும் ‘டிட்’, ‘யூ’ இரண்டும் பேச்சில் ‘டிஜு’ என்று ஒட்டிக்கொள்ளும். காது தடுமாறுவது இங்கேதான். அதனால் எழுத்துவடிவம் கூடவே கிடைக்கும் ஒலிப்பதிவுதான் பழக ஏற்றது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘6 மினிட் இங்கிலீஷ்’ அப்படிப்பட்டது: சிறு உரையாடல், அதன் முழு எழுத்துவடிவம், புதுச் சொற்களுக்கு விளக்கம். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும். அடுத்து எழுத்தோடு கேட்டு, நழுவிய பத்து விநாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும். முன்னேற்றம் முழுக்க அந்தப் பத்து விநாடியில்தான். எடுத்த எடுப்பிலேயே சப்டைட்டிலோடு படம் பார்த்தால் கண்தான் உழைக்கும், காது தூங்கிவிடும்.

தொடக்க நிலையினருக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளம் பொருத்தம். ஏ1 எனப்படும் தொடக்க நிலை முதல் நிலைவாரியாகப் பயிற்சிகள் உண்டு. நிதானப் பேச்சுக்கு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் பாணிப் பதிவுகள்: சுமார் 1,500 சொற்கள், குறைந்த வேகம். கதைப் பிரியர்களுக்கு லிப்ரிவாக்ஸ். 2005 முதல் தன்னார்வலர்கள் காப்புரிமை தீர்ந்த நூல்களை வாசித்துத் தருகிறார்கள். வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். தெளிவான குரல் அமைந்தால், அவர் வாசித்த மற்ற நூல்களையும் அங்கேயே தேடிக் கேட்கலாம்.