மாட்டிக்கிட்டியே தம்பி

தம்பி, உன்னப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நீயும் மாட்டிக்கிட்டேன்னு. தோள்ல பச்சைத் துண்டு, கையில மஞ்சப்பை, ரெண்டும் புதுசு. துண்டோட ஓரத்துல கடைக்காரன் ஒட்டுன வெலைச்சீட்டு இன்னும் இருக்கு, மொதல்ல அதக் கிழிச்சுப் போடு. எங்கூரு மாட்டுக்குக்கூட அதப் படிக்கத் தெரியும்.

நெல் திருவிழாவ சும்மா எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேங்கிற. எல்லாரும் அப்படிச் சொல்லிக்கிட்டுதான் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுல எறங்குறாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒருத்தரு பீப்பாயத் தொறந்து, "நல்லா மோந்து பாருங்கய்யா, நாத்தமே இருக்காது"ன்னு நீட்டுவாரு. சாணி, கோமியம், பாலு, தயிரு, நெய்யி எல்லாம் ஊறுன பஞ்சகவ்யம். மரியாதைக்கு நீயும் மூக்க நீட்டியிருப்ப. பக்கத்துல இன்னொருத்தரு மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட டப்பாவத் தொறந்து வெச்சுக்கிட்டு காத்திருப்பாரு. ஒண்ணுக்கு மூக்க நீட்டிட்டு இன்னொண்ணுக்கு மாட்டேன்னா அவரு மனசு நொந்துபோவாரு.

ஆளுங்களும் ஒரு தினுசுதான், ஒத்துக்குறேன். பேங்கு வேலைய உட்டவரு, துபாயிலேருந்து திரும்புனவரு, ரிட்டயராகி வீட்டுல திட்டு வாங்கிட்டு வந்த வாத்தியாரு, ஒரு வேலையும் பாக்காமயே அத உட்டுட்டேன்னு சொல்றவரு. ஒருத்தர ஒருத்தரு அய்யாங்குறாங்க. காலேஜுப் புள்ள இன்னொரு காலேஜுப் புள்ளைய அய்யாங்குது. கருப்புக்கவுனி, தூயமல்லி, கிச்சிலிச்சம்பான்னு பேரச் சொல்றப்ப, மொறப்பொண்ணு பேரச் சொல்ற மாதிரி மொகத்துல ஒரு சிரிப்பு வேற. பயந்துக்காத. கடிக்கிற ஆளுங்க இல்ல. பேசியே கொல்லுவாங்க, அவ்வளவுதான்.

மத்தியானம் மாப்பிள்ளைச்சம்பா சோறு போட்டாங்களா? சாப்பிட்டியா, இல்ல இன்னும் மென்னுக்கிட்டே இருக்கியா? அந்த அரிசிய முந்தின ராத்திரியே ஊற வெச்சாதான் வேகும். அதத் தின்னுட்டுதான் மாப்பிள்ள எளவட்டக்கல்லத் தூக்கிக் காட்டிப் பொண்ணக் கட்டுனானாம். உன் முதுகுல தொங்குற கம்ப்யூட்டர் பை எத்தன கிலோ? அதத் தூக்கிக் காட்டுனா எந்த மாமனாரும் பொண்ணு குடுத்துடுவாரு இப்ப.

கதைய ஒழுங்காக் கேட்டுக்க, இல்லாட்டி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக் கொழப்பிடுவாங்க. 2003-ல இயற்கை வெவசாயம் சொன்ன நம்மாழ்வாரு பூம்புகார்லேருந்து கல்லணைக்கு நடந்தாரு. வெள்ளத்தாடி, பச்சைத் தலப்பா, மேல சட்டை கெடையாது. எல்லாரும் காரு வாங்கிக்கிட்டிருந்த காலத்துல இவரு நடக்குறாரு. கூட நடந்தவங்கள்ல நம்ம கட்டிமேட்டு ஜெயராமனும் ஒருத்தரு. நடந்த வழியில சில பழைய வெத நெல்லு கைக்கு வந்துச்சு. கைக்கு வந்தத இந்தாளு கீழ வெக்கல. காட்டுயானம் இருக்கா, குடவாழை இருக்கான்னு கெழவன் கெழவியாத் தேடித் தேடிப் போனாரு. வேலவெட்டி இருக்கற மனுசன் செய்யற காரியமா இது? 2006 வாக்குல ஆதிரெங்கத்துல திருவிழான்னு ஆரம்பிச்சப்ப, சாமி இல்ல, தேரு இல்ல, வாணவேடிக்கை இல்ல, இதென்ன திருவிழான்னுதான் எவனுக்கும் தோணும். அவரு சேத்த ரகம் 170-ஐத் தாண்டிப் போச்சு. 2018-ல நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலு வந்து இந்தப் பக்கத்துத் தென்னையெல்லாம் படுக்க வெச்சுட்டுப் போச்சு. இருவதே நாளு, டிசம்பர் 6-ஆம் தேதி ஜெயராமனும் போயிட்டாரு, அம்பது வயசு வாக்குல. புத்துநோயி. 2021-ல கவர்மெண்டே அவரு பேருல பாரம்பரிய நெல்லுக்கு ஒரு இயக்கத்த அறிவிச்சுது. பைத்தியம்னு சிரிக்கறதுக்கும் பேரு வெக்கறதுக்கும் நடுவுல எங்கூருல பதினஞ்சு வருசம் ஆகும். நீ இப்ப மொத வருசத்துல இருக்க, சிரிச்சா பொறுத்துக்க.

சரி, வெத வாங்குற வரிசையில நிக்கப் போறியா? நில்லு. ஆனா சட்டம் தெரிஞ்சுக்கிட்டு நில்லு. ரெண்டு கிலோ வாங்குனா அடுத்த வருசம் நாலு கிலோ திருப்பிக் குடுக்கணும். பணமாக் குடுத்தா வாங்க மாட்டாங்க, நெல்லாதான். வட்டி நூத்துக்கு நூறு. மீட்டர் வட்டிக்காரனுக்கே இதக் கேட்டா வெக்கம் வந்துடும். ஆனா அதுக்குள்ள ஒரு சூட்சுமம் இருக்கு. நெல்ல டப்பாவுல போட்டு மேல பேரெழுதி அலமாரியில வெச்சா, வருசம் ஒண்ணு ரெண்டு போனா மொளைக்கற தெம்பு போயிடும், அப்பறம் அது வெதையில்ல, வெறும் நெல்லு. நூத்தியெழுவது ரகத்தையும் வருசா வருசம் வெதைக்க ஒரு ஆளுக்கு எங்க தோது? அதனால ஊராங்க வயல்லயே வெதையப் பாதுகாக்கற ஏற்பாடு இது. ஒனக்குக் குடுத்தது தானம்னு நெனச்சுக்காத. நீயும் ஒரு குதிரு, அவ்வளவுதான். உன்ன நெரப்பி வெச்சிருக்காங்க.

நீ என்ன கேப்பேன்னும் தெரியும். காட்டுயானம் கேப்ப. பயிருக்குள்ள யானை நின்னாலும் தெரியாதுன்னு எவனாவது சொல்லியிருப்பான், அத போட்டோ எடுத்து ஆபீசுல காட்டணும் ஒனக்கு. ஆறு மாசப் பயிரு தம்பி. யானை மறையுறது இருக்கட்டும், கடன்காரன் வந்தா நாமளும் மறைஞ்சுக்கலாம், அது ஒண்ணுதான் ஒடனடி லாபம். மொத வருசத்துக்குப் பூங்காரு கேளு. மூணு மாசத்துக்குள்ள தலைய நீட்டிடும், ஒன் ஆசை ஆறறதுக்குள்ள அறுத்துடலாம். அங்க ஒருத்தரு கைய ஆட்டி ஆட்டி, எந்த நெல்ல எப்ப வெதைச்சாலும் வெளையும்பாரு. தலைய ஆட்டிட்டு நகந்துடு. பழைய சம்பா ரகங்கள்ல பலது பகலு சுருங்குனாதான் பூக்கும். அவசரப்பட்டுச் சித்திரையில வெதைச்சா ஆளுயரத்துக்கு வளந்து நிக்கும், கதிரு மட்டும் ஐப்பசி கார்த்திகை வரட்டும்னு ஒக்காந்திருக்கும். நீ தெனம் காலையில போயி எட்டிப் பாத்துட்டு வரலாம், உடம்புக்கு நல்லது.

இன்னொண்ணு, இது கடமடை. ஜூன் 12-ல மேட்டூரத் தொறந்துட்டாங்கன்னு பேப்பர்ல மந்திரி பூத்தூவுற படம் வந்ததும் நாத்தங்காலுக்கு ஓடாத. தண்ணி இங்க வர்றப்ப வரும். வரலேன்னா முள்ளியாத்துக் கரையில உக்காந்து நாலு பேரோட சேந்து கவர்மெண்டத் திட்டணும், அதுவும் வெவசாய வேலையில ஒண்ணுதான்.

கைவேலை ரெண்டு சொல்றேன், மேடையில சொல்ல மாட்டாங்க. வெதைக்கிறதுக்கு மின்ன ஒரு பக்கெட்டுல தண்ணிய எடுத்து ஒரு கோழிமுட்டையப் போடு. அடியில போயி ஒக்காந்துக்கும். கல்லுப்பக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்கு. முட்டை மெதந்து, மேல நாலணா அளவு தெரிஞ்சா நிறுத்து. இப்ப நெல்லக் கொட்டு. மெதக்கறத வழிச்சு மாட்டுக்குப் போடு, அடியில நிக்கறதுதான் வெத. உப்பு போக நல்ல தண்ணியில ரெண்டு மூணு அலசு அலசிட்டு ஊற வையி. அலசாம வெதைச்சுட்டு மொளைக்கலேன்னு எங்கிட்ட வராத. முட்டைய என்ன பண்றதுன்னு மட்டும் இங்க யார்கிட்டயும் கேக்காத. இவங்கள்ல பாதிப்பேரு சைவம், மீதிப்பேரு நாட்டுக்கோழி முட்டையான்னு விசாரிப்பாங்க.

ரெண்டாவது, கதிரு வர்ற நேரத்துல வயல்ல எறங்கி, ஒசரத்துலயோ எல நெறத்துலயோ மாறி நிக்கற பயிர வேரோட புடுங்கணும். கலவன் எடுக்கறதும்பாங்க. பக்கத்து வயல்ல வேற ரகம் இருந்தா நடுவுல மூணு மீட்டரு எடவெளி உடு. மனசு வராது ஒனக்கு, பச்சப்பசேல்னு நிக்கறதப் புடுங்க. புடுங்கலேன்னா, அடுத்த வருசம் நீ கொண்டாந்து குடுக்கற நாலு கிலோவுல எது பூங்காரு எது பொன்னின்னு பாக்க ஜோசியக்காரன் வெக்கணும். அறுத்துக் காயவெச்சதும் ஒரு நெல்ல எடுத்துக் கடவாப் பல்லுல வையி. கடக்குன்னு ஒடையணும். நசுங்குனா இன்னும் ரெண்டு வெயிலு போடு. கொள்முதல் நெலையத்துல மிசினு வெச்சு ஈரப்பதம் 17 சதம் தாண்டிடுச்சும்பானே, எங்க வீட்டுக் கெழவிக்கு அந்த மிசினு வாயிலயே இருக்கு. பல்லுதான் ரெண்டு கொறஞ்சுபோச்சு, கணக்கு கொறையல.

இப்பக் கொஞ்சம் கிட்ட வா. நாளைக்கு டீக்கடையில ஒக்காந்து, "ஒங்க தலைமுறைதான் மண்ணக் கெடுத்துச்சு"ன்னு ஆரம்பிக்காத. டீ ஆறிடும். யூரியாவத் தேடி நாங்க போகல தம்பி. 1960-ல தீவிர வெவசாயத் திட்டத்துக்குன்னு நாட்டுல மொத மொதல்ல பொறுக்கி எடுத்த ஜில்லாக்கள்ல தஞ்சாவூரு ஒண்ணு. அமெரிக்காவோட போர்டு பவுண்டேஷன் பின்னால நின்னுச்சு. கிராம சேவக்கு சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னு பாடம் நடத்துனாரு. அப்பறம் ஆடுதுறைப் பண்ணையிலேருந்து ஏடிடி 27 வந்துச்சு, பின்னாலயே குட்டைநெல்லும் வந்துச்சு. ஒசந்த நெல்லுக்கு ஒரம் போட்டா, கதிரு முத்தற நேரம் பாத்து மழையில படுத்துடும். குட்டைநெல்லு ஒரத்தத் தின்னுட்டு நிமிந்து நிக்கும். நின்னத வெதைச்சோம். அப்ப அரிசிய ஜில்லா எல்லை தாண்டிக் கொண்டுபோனா போலீசு புடிச்ச காலம். பட்டணத்துல ஒன் தாத்தன் ரேஷன் கடை வாசல்ல நின்னு வாங்கித் தின்னதும் அந்த மாதிரி நெல்லுதான். தின்ன வாயால திட்டுனா கேக்க நல்லாவா இருக்கு? பூச்சிமருந்துக்குக் காசு குடுத்து மாளலேன்னு இப்ப நாங்களே திட்டிக்கிட்டுதான் இருக்கோம். அது எங்க உரிமை.

பாரம்பரியம் பாரம்பரியம்னு ரொம்பவும் பேசாத, இங்க சில காதுக்கு அது வேற மாதிரி கேக்கும். பழைய நெல்லு வெளைஞ்ச அதே வயல்ல பழைய பண்ணையமும் வெளைஞ்சுது. லேட்டா வந்த பண்ணையாளுக்குச் சவுக்கடி, மேல போனா சாணியக் கரைச்சுக் குடிக்க வெக்கற சாணிப்பாலு. அத நிறுத்தறதுக்கு 1943-ல ஒரு கன்னடக்காரரு வந்தாரு, பி. சீனிவாசராவு. ஒன்ன மாதிரி அசலூரு, தமிழே அவரு தாய்மொழி இல்ல. சேரியில தங்கி, அங்க கெடச்சதத் தின்னு, அடிச்சா திருப்பி அடின்னு சொல்லிக்குடுத்தாரு. 1944-ல களப்பாள்ல கூலி ஒப்பந்தம் போட்டாங்க. அவரு நெனவுச்சின்னம் திருத்துறைப்பூண்டியிலதான் இருக்கு, போயிப் பாத்துட்டு வா, துண்ட எடுத்துட்டுப் போக வேணாம். அந்தக் காலத்துலேருந்து நெல்ல மட்டும் திரும்பக் கூப்பிடு. கூலியையும் கும்பிடறேன் சாமியையும் சேத்துக் கூப்பிட்டா, நாத்து நட வர்ற பொம்பளைங்க ஒன்னையும் சேத்துச் சேத்துல நட்டுடுவாங்க. ஒத்த நாத்து நடவுன்னு பேரு கேட்டதும் பாதிக் கூலின்னு எவனோ ஒருத்தன் கணக்குப் போட்டான். அப்பறம் அவனே கயித்தப் புடிச்சு, அவனே நட்டு, மூணு நாளு முதுகுக்கு ஒத்தடம் குடுத்தான்.

நான் போடறேனான்னு கேக்குற. ஒரு மா போட்டிருக்கேன், மேலண்டைப் பக்கம், மாப்பிள்ளைச்சம்பா. கொள்கையில்ல, வைக்கோலு. மிசினு அறுத்த வயல்ல வைக்கோலு துண்டு துண்டாக் கெடக்கும், கட்டுக்கட்டற ஆளுக்கு வேற தண்டம் அழுவணும். இது ஆளுயர வைக்கோலு, மாடு ரெண்டும் முழுசாத் திங்குது. கஞ்சிக்குக் கெழவி ரெண்டு மரக்காலு வெச்சுக்குறா. மீதிக்கு இவங்களே வந்து வெலை சொல்லி எடுத்துட்டுப் போறாங்க, நான் கேக்கறதுக்கு மேலயே. தயவுசெஞ்சு இத வெளிய சொல்லிடாத. மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போத்திடுவாங்க, அப்பறம் நானும் எல்லாரையும் அய்யான்னு கூப்பிடணும்.

நேரமாச்சு, வரிசை நகருது பாரு, போ. மேசையில இருக்கற புள்ள நோட்ட நீட்டி வெலாசம் கேக்கும். பெங்களூரு வெலாசத்தக் குடுத்துடாத. ஒங்க அம்மா இருக்கற வெலாசத்தக் குடு. நீ நாலு கிலோவ ஏமாத்துனாலும், வசூலுக்கு வர்றப்ப எங்களுக்கு ஒரு வேளைச் சோறாவது நிச்சயம்.