ட்ரெய்லர் நானா

மாவனல்லையில் ட்ரெய்லர் நானா என்பது ஒரு ஆள் அல்ல. எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். அடையாளம் சுலபம். வீட்டு முற்றத்தில் படங்கு போர்த்திய இரண்டு சில்லுப் பெட்டியொன்று நிற்கும். அதற்கு முன்னால் அதைவிட வயதான டொல்பின் வான். வானைக் கழுவி மாதக்கணக்காயிருக்கும். பெட்டிக்கு மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் குளிப்பு.

என் பக்கத்து வீட்டு நானாவைக் கேட்டால், சிரட்டையில் அகப்பையும் விளக்குக் கூடும் செய்து கண்காட்சிகளுக்குக் கொண்டுபோகிறேன் என்பார். நம்ப வேண்டாம். சிரட்டை வேலை அவருடைய மனைவியும் மகளும் செய்வது. நானா செய்தது பெட்டி. பழைய இரும்புக் கடையில் லேண்ட்மாஸ்டர் அச்சு ஒன்றைக் கண்ட அன்றுதான் அவருக்குள் கலை பிறந்தது. அச்சுக்கு மேல் பலகை வந்தது, பலகைக்கு மேல் கூடு வந்தது, கூட்டுக்குள் போட ஏதாவது வேண்டுமே என்று சிரட்டை வந்தது.

அகப்பையால் பெட்டியின் ஒரு மூலைகூட நிறையவில்லை. அதனால் ஊரார் சாமான்களையும் தேடிப் போனார். மொலகொடையில் மண்பானை, ரதாவடுன்னயில் பிரம்பு நாற்காலி, பின்னவலப் பக்கம் யானைச் சாணக் காகிதம், பிலிமத்தலாவையில் பித்தளை விளக்கு. “கூலி வாணாம், டீசல் காசு தந்தாப் போதும்” என்பார். டீசல் காசு யாரும் தந்ததாக எனக்குத் தெரியாது.

ஏற்றுகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். பானையை மடியில் வைத்து விரல் கணுவால் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். ‘ணங்’ என்றால் ஏறும், ‘டொக்’ என்றால் கீறல், இறங்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் வைக்கோல், அதற்குள் இன்னும் சின்னது. பாரத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார். “அச்சுக்கு முன்னால அறுவது, பின்னால நாப்பது. மாறினா வால் ஆடும் மகன்.”

இந்தக் கணக்கைப் புத்தகத்தில் படிக்கவில்லை. முதல் பயணத்தில் பித்தளை முழுவதையும் பின்னால் அடுக்கிக்கொண்டு கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கியிருக்கிறார். முதலில் பெட்டி ஆடியது, பிறகு வான் ஆடியது, கடைசியில் நானா ஆடினார். அந்த வீதியைப் போட்ட கப்டன் டோசனுக்கு உச்சியில் 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. பக்கத்தில் நானாவுக்கும் ஒன்று கட்டவேண்டி வந்திருக்கும்.

போன முறை கொழும்பு கலா பொலவுக்கு நானும் போனேன். ஜோர்ஜ் கீற் மன்றம் 1993இல் தொடங்கிய தெரு ஓவியச் சந்தை அது. நானாவின் மருமகன் படம் வரைகிறவன், அவனுடைய ஓவியங்கள்தான் சரக்கு. இரவு இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். உதுவன்கந்தையைக் கடக்கும்போது நானா வழமைபோல் சரதியேல் கதையை எடுத்தார். கண்டி வீதியில் வண்டிகளைக் கொள்ளையடித்த சரதியேலையும் கூட்டாளி மம்மலே மரைக்காரையும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிட்டார்கள். “அவன் இருந்திருந்தா நம்மட பெட்டியத்தான் மொதல்ல புடிப்பான்” என்றார் பெருமையாக. பின்னால் இருந்த ஓவியன் மருமகன் ஒன்றும் பேசவில்லை.

விடியும்போது ஆனந்த குமாரசுவாமி மாவத்தைக்கு வந்து சேர்ந்தோம். கண்டிச் சீமைக் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் பெரிய நூல் எழுதிய அந்த மனிதரின் பெயரிலுள்ள வீதியில், ஒரு கைவினைஞனின் பெட்டியைப் பின்னெடுக்க இடம் போதவில்லை. ட்ரெய்லரைப் பின்னெடுப்பது தனி வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டி வலப்பக்கம் போகும். நான் தமிழில் “வா வா” என்றேன். யாரோ சிங்களத்தில் “ஹரி, ஹரி, ஹரி” என்றார். மருமகன் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது ‘ஹரி’யில் பெட்டி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது. கொக்கியைக் கழற்றி அங்கேயே விட்டோம்.

ஓவியங்களைப் பெட்டியின் பக்கங்களில் சாய்த்து வைத்தான் மருமகன். பத்து மணிக்குச் சனம் கூடியது. ஒரு இளம் ஜோடி பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. துருவைத் தொட்டது, படம் எடுத்தது. இந்தச் சிற்பம் என்ன விலை என்று கேட்டது. நானாவின் முகத்தை அப்போது யாராவது வரைந்திருக்க வேண்டும். “இது விக்க இல்ல” என்றவர், அச்சு எங்கே கிடைத்தது, பலகை என்ன மரம், அறுபது நாற்பது ஏன் என்று அரை மணி நேரம் விளக்கினார். மருமகனின் யானைப் படம் அந்த அரை மணி நேரமும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மருமகன் இப்போது படங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறான். நானாவின் பெட்டிக்கு அதனால் குறைச்சல் இல்லை. அடுத்த கண்காட்சிக்கு மொலகொடைப் பானை இப்போதே முற்றத்தில் இறங்கியிருக்கிறது, வைக்கோலுக்கு என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கண்டி வீதியில் ஒரு பழைய டொல்பினுக்கும் அதன் பெட்டிக்கும் பின்னால் மாட்டிக்கொண்டீர்களானால், தயவுசெய்து ஹோர்ன் அடிக்காதீர்கள். பெட்டியைப் பாராட்டுகிறீர்கள் என்று நினைத்து, நீங்கள் நன்றாகப் பார்க்கட்டுமென்று இன்னும் மெதுவாக்குவார்.