எலுமிச்சையே அடுப்பு

கே: மெக்சிகோவில் தெருமுனை மீன் உணவகங்களில் இறாலை அடுப்பில் வைக்காமலே பரிமாறுவார்களாமே! வயிறு தாங்குமா?

ப: நீங்கள் சொல்வது அகுவாச்சிலே, சினலோவா மாநிலத்துச் சரக்கு. உரித்த இறாலைக் கீறி, எலுமிச்சைச் சாற்றில் பச்சை மிளகாயை அரைத்து ஊற்றி, வெள்ளரி, வெங்காயத்தோடு உடனே மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். புளிப்பில் இறால் வெளுத்து விறைக்கும். ஆனால் அதில் கிருமிகள் எல்லாம் சாகும் என்று நம்பிவிடாதீர்கள். நல்ல கூட்டமுள்ள கடையாகப் பாருங்கள், அதுவும் மதியத்திலேயே. பல கடைகள் பொழுது சாய்வதற்குள் மூடிவிடும். பயமாக இருந்தால் பொரித்த மீன் டாக்கோ இருக்கிறது. இதே கடைகளில், முதல் நாள் இரவு குடி கொஞ்சம் அதிகமாகிப் போனவர்கள், சிப்பியும் இறாலும் ஆக்டோபஸும் தக்காளிச் சாற்றில் மிதக்கும் கோப்பையை மருந்தாகக் கேட்டு வாங்குவார்கள். கூடவே ஒரு பீரும் சொல்வார்கள். அது எந்த வைத்திய முறை என்று என்னைக் கேட்காதீர்கள்!