திரையளவு நூற்பாவும் உரையும்: மட்டு. வாவிக்கரை வழக்கை முன்வைத்து

பாயிரம்

மட்டு என்றால் அளவு. மட்டுமரியாதை என்பதும் மட்டுக்கு மிஞ்சியது என்பதும் அதில் பிறந்தவை. பத்திரிகைகள் மட்டக்களப்பை 'மட்டு.' என்று சுருக்கிப் புள்ளி வைப்பது இடம் போதாமையால் என்று பலர் நினைக்கிறார்கள். அளவோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்த ஊர் என்பதற்கான அடையாளம் அந்தப் புள்ளி. 'மட்டமான களப்பு' என்பதே பெயர்க்காரணம் என்று சொல்லும் அறிஞர்களோடு இவ்வாய்வாளனுக்குப் பகை இல்லை. அந்தக் கருத்து இந்த ஆய்வுக்கு உதவவில்லை, அவ்வளவுதான்.

இந்த மண்ணுக்குக் கணக்கும் புதிதல்ல. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்த யாழைக் கணக்குப் போட்டு மீட்டு 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். நரம்புக்கு அளவு சொன்ன நாட்டில் போன் திரைக்கு அளவு சொல்ல ஒரு நூல் இல்லையே என்ற குறையை எனக்கு உணர்த்தியவன் என் தம்பி. கொழும்பில் செயலி எழுதும் வேலை அவனுக்கு. வாவி இறாலின் அன்றாட விலையைக் காட்டும் செயலி ஒன்றைச் சொந்த ஆசைக்குச் செய்துகொண்டு லீவில் வந்தவன், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டான்: "அண்ணே, நான் எந்தத் திரைக்கு எழுதுற?"

ஆய்வுக்குப் பயன்பட்ட கருவிகள்: போன் மூன்று, அடிமட்டம் ஒன்று, மாமா ஒருவர். மாமாவைக் கருவிகளோடு சேர்த்தது ஏன் என்பது நான்காம் நூற்பாவில் விளங்கும். நூற்பாவும் உரையும் என்னுடையவை. பிழைகள் தம்பியுடையவை.

நூற்பா 1

மூலை தொட்டு மூலை அளப்பின்
அங்குலம் ஆகும் என்மனார் கடையோர்.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், திரைக்கு நீளம் கூறுதல் நுதலிற்று. கடையோர் என்றது போன் கடைக்காரரை. இழிந்தோர் என்று பொருள் கொள்வது உரையன்று.

வயல், பாய், சாரன் எதையும் நாம் குறுக்காக அளப்பதில்லை. மருதமுனைச் சாரனை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து "இத்தனை அங்குலம்" என்று ஒரு வியாபாரி சொன்னால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். திரையை மட்டும் குறுக்கே அளக்கிறோம். பழைய தொலைக்காட்சிக் குழாயின் முகம் வட்டமாக இருந்தது, வட்டத்தை விட்டத்தால் அளந்தார்கள். வட்டம் போய்விட்டது, விட்டம் போகவில்லை.

இதனால் விளையும் மயக்கத்தை அடிமட்டம் காட்டிக்கொடுத்தது. பழைய போன் 5.5 அங்குலம், பக்க விகிதம் 16:9. புதிய போன் 6.5 அங்குலம், விகிதம் 20:9. ஓர் அங்குலம் கூடுதல் என்று கடைக்காரர் சொன்னார், அது உண்மைதான். ஆனால் பழையதன் திரை அகலம் 68.5 மில்லிமீட்டர், புதியதன் அகலம் 67.8. காசு கூடக் கொடுத்து வாங்கிய பெரிய போன் முக்கால் மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கிறது! நீளம்தான் 122 இலிருந்து 151 க்கு ஓடிவிட்டது. செயலி எழுதுபவனுக்கு இதன் பொருள், ஒரு வரியில் முன்பை விட ஓர் எழுத்தும் கூடக் கொள்ளாது, வரிகள்தான் கூடக் கொள்ளும் என்பது. 'பெரிய திரைதானே' என்று பக்கத்தில் பக்கத்தில் பொத்தான்களை அடுக்கியவன் கெட்டான்.

போனின் இந்த வளர்ச்சி மட்டக்களப்பாருக்கு வியப்பல்ல. நம் வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். 20:9 என்ற விகிதப்படி அதன் அகலம் 25 கிலோமீட்டர் இருக்க வேண்டும். அப்படி எந்த இடத்திலும் இல்லை. ஆகவே போன் கம்பனிகள் வாவியின் விகிதத்தை இன்னும் எட்டவில்லை, எட்ட முயல்கின்றன என்று கொள்க. எட்டிய அன்று போனைச் சாரன் மடிப்பில் செருகினால் நுனி நாடியில் இடிக்கும்.

நூற்பா 2

கண்மிகின் தெளிவு மிகுமே, திரையின்
பரப்பு மிகாஅது என்பது துணிபே.

பிக்சலைப் படப்புள்ளி என்றும் படவணு என்றும் சொல்வார்கள். வாவிக்கரையில் அதற்கு எப்போதோ சொல் இருக்கிறது: கண். வலைக்கண் என்னும்போது வரும் அதே கண். வீச்சுவலை எத்தனை முழம் என்பது ஒரு கேள்வி. கண் எத்தனை அங்குலம் என்பது வேறு கேள்வி. முதற்கேள்வி திரையின் அளவு, இரண்டாவது அதன் செறிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தொழிலாளி வாவியில் கிடையாது. குழப்பிக்கொள்ளும் போன் வாடிக்கையாளர் தெருவுக்குப் பத்துப் பேர்.

சான்று: 2007 இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், கண்கள் 320 × 480. 2010 இல் வந்த ஐபோன் 4 இன் திரையும் அதே 3.5 அங்குலம்தான், கண்களோ 640 × 960. வலை அதே வலை, கண் நான்கு மடங்கு. கல்லடியில் நின்று பார்ப்பவருக்கு இது இன்னும் எளிதில் விளங்கும். 1924 ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் கடந்து முடியும் வரை மறுபக்கம் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2013 இல் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தார்கள், இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. கடக்க வேண்டிய தண்ணீரின் அகலம் அன்றும் இன்றும் ஒன்றே. கூடியது செறிவு.

இனி ஐயம்: இன்று கைக்குக் கை காணும் போன்களில் சிலவற்றின் கண்கள் 720 × 1600, சிலவற்றின் கண்கள் 1080 × 2400. முன்னதில் மொத்தம் பதினொன்றரை இலட்சம், பின்னதில் ஏறக்குறைய 26 இலட்சம். இரண்டுக்கும் ஒரே செயலியை எழுதுவது எப்படி? நூறு கண் அகலத்தில் ஒரு பொத்தான் வைத்தால் ஒன்றில் அது மாசிக்கருவாட்டுத் துண்டு போலவும் மற்றதில் நெத்தலி போலவும் தெரியாதா?

தெரியும். அதனால்தான் ஆண்ட்ராய்டுக்காரர் கண்ணை எண்ணுவதை விட்டு 'டிபி' என்று ஒரு கற்பனை அலகு வைத்தார்கள். அங்குலத்துக்கு 160 கண் உள்ள திரையில் ஒரு டிபி ஒரு கண். 320 உள்ளதில் இரண்டு, 480 உள்ளதில் மூன்று. 720 கண் அகலத்தை இரண்டால் வகுத்தால் 360. 1080 ஐ மூன்றால் வகுத்தாலும் 360. உயரமும் அப்படியே 800. மலிவுப் போனும் விலைப் போனும் டிபி கணக்கில் 360 × 800 என்ற ஒரே வளவுக்குள் அடங்கிவிடுகின்றன. சாதி பேதம் ஒழிய இவ்வளவு எளிய வகுத்தல் போதும் என்பதைத் தம்பி சொன்னபோது இவ்வாய்வாளன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான்.

விரலுக்கும் அளவு உண்டு. தொடும் பொத்தான் 48 டிபிக்குக் குறையக் கூடாது என்பது ஆண்ட்ராய்டு மரபு. மேற்சொன்ன 6.5 அங்குலத் திரையில் அது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஐபோன் மரபில் 44 புள்ளி. இது உலர்ந்த விரலுக்குச் சொன்னது. இறால் உரித்த விரலுக்கு எந்த மரபும் விதி செய்யவில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், ஆதலால் கண்ணாடியில் விழுந்த ஒரு துளியையும் போன் விரல் என்று எண்ணிக்கொள்ளும். தோணிக்குள் சொப்பிங் பேக்கில் சுற்றி வைத்த போன் தானாக யாருக்கோ அழைப்பு எடுப்பது இதனாலன்றிப் பேயாலன்று.

நூற்பா 3

எழுவான் படுவான் எனஇரு நிலைத்தே
கைப்படு கருவி கிடக்கும் முறையே.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழுவதும் படுவதும் பற்றி வந்த பெயர்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் எழுவான், கிடத்திப் பிடித்தால் படுவான். இதைவிடப் பொருத்தமான கலைச்சொல் கிடைக்குமென்றால் காட்டுக. வாட்சப் எழுவானில், கிரிக்கெட் படுவானில்.

முன்பு எழுவானிலிருந்து மண்முனைக்கு அப்பால் படுவானுக்குப் போவதென்றால் 'பாதை' எனும் மிதவைப் படகு வரும்வரை துறையில் நிற்க வேண்டும். 2014 இல் பாலம் வந்தது. போனில் மணிக்கட்டைத் திருப்பினால் போதும். ஆனால் திருப்பியதும் 360 ஆக இருந்த அகலம் 800 ஆகிறது, 800 ஆக இருந்த உயரம் 360 க்கு இறங்குகிறது, தட்டச்சுப் பலகை எழும்பி மிச்ச இடத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. செயலி எழுதுபவர்களில் பலர் இதற்கு அஞ்சி 'படுவானுக்குப் போக வேண்டாம்' என்று பூட்டே போட்டுவிடுகிறார்கள். தம்பியும் போட்டிருந்தான். படுவான்கரையை மறந்து போட்ட திட்டங்கள் பலவற்றைக் கண்ட மாவட்டம் இது. இன்னொன்று வேண்டாமென்று கழற்றச் சொன்னேன்.

நூற்பா 4

கண்ணிரண் டுள்ளும் முன்னது தேறான்
பின்னதை எண்ணல் பேதைமை உடைத்தே.

திரைக்குக் கண் உண்டென்றோம். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இன்னொரு கண் இருக்கிறது. அதை எண்ணியவர் குறைவு என்பது இச்சூத்திரத்தின் கருத்து.

ஐபோன் 4 வந்தபோது, 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் அங்குலத்துக்கு 300 கண்ணுக்கு மேல் மனிதக் கண் பிரித்தறியாது என்றார்கள். நல்ல பார்வைக்குக் கணக்குப் பார்த்தால் 30 சென்டிமீட்டரில் 291 வருகிறது, ஆகவே சரி. ஆனால் நாற்பது தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். அவர் போனை 30 சென்டிமீட்டரில் பிடிப்பதில்லை. கையை நீட்டுவார், நாடியை உயர்த்துவார், புருவத்தைச் சுருக்குவார். தூரம் 60 சென்டிமீட்டர் ஆகும். அங்கே அதே கணக்குப் போட்டால் 146 கண் போதும். 405 கண் உள்ள போனை வாங்கி அவர் 146 ஐத்தான் பார்க்கிறார். மிச்சத்துக்குக் காசு கட்டியது மகன்.

இனி மாமா. கல்லடியில் இருக்கிறார், விடிய வாவிக்குப் போய் வருகிறவர். தம்பி தன் செயலியை அவருடைய போனில் ஏற்றிக் கையில் கொடுத்தான். கையைத் துடைத்தார், வாங்கினார், கை முழுதும் நீண்டது. எழுத்தளவை ஆகப் பெரியதாக வைத்திருந்தார், யாரோ பேத்தி செய்து கொடுத்த வேலை. தம்பியின் போனில் அழகாக உட்கார்ந்திருந்த 'உறுதிப்படுத்துக' என்ற பொத்தான் மாமாவின் போனில் மூச்சு முட்டி, 'உறுதிப்ப' என்று வந்து மூன்று புள்ளியோடு நின்றது.

"உறுதிப்ப எண்டா என்ன மனே?"

"அது... மிச்சச் சொல்லு உள்ளுக்க நிக்குது மாமா."

"அப்ப வெளியால எடு. உள்ளுக்க நிக்கிறத ஆரு வாசிக்கிற?"

உரை எழுதும் இவ்வாய்வாளன் இத்தனை தாளில் சொன்னதை மாமா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். இருந்தும் முறை கருதி விளக்குதும்.

தம்பி முதலில் ஆங்கிலத்தில் எழுதினான். ஆங்கிலத்தில் இரண்டெழுத்தில் முடிகிற 'ஓகே', தமிழில் மரியாதையாகச் சொல்லப்போனால் ஒன்பது எழுத்து. அதுவும் தமிழெழுத்து அகலமானது. ணகரமும் ஔகாரமும் உட்காரச் சப்பாணி கட்டும். கொகரம் தன் மெய்யின் இரு பக்கமும் கொம்பும் காலும் வைத்து இடம் பிடிக்கும். இந்த நாட்டில் செயலி எழுதுபவன் இதே பொத்தானுக்குள் சிங்களத்தையும் வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டுத் தமிழ் கொழுத்துவிட்டது என்பது நியாயமா?

எழுத்துக்கு டிபி வேண்டாம், 'எஸ்பி' வேண்டும் என்பதும் மரபே. எஸ்பி என்பது, படிப்பவர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் தானும் பெரிதாகும் அலகு. தம்பி எழுத்துக்கு எஸ்பி கொடுத்திருந்தான், பொத்தானுக்கு அசையாத அகலம் கொடுத்திருந்தான். பிள்ளை வளர்கிறது, தொட்டில் வளரவில்லை.

அன்றிரவு தம்பி திருத்தினான். பொத்தானின் அகலத்தை அவிழ்த்துவிட்டான். சொல் இரண்டாம் வரிக்கு இறங்க இடம் விட்டான். 'உறுதிப்படுத்துக' வை எடுத்துவிட்டு 'சரி' என்று போட்டான். இரண்டெழுத்து. ஓகேயை விட ஓரெழுத்தும் கூடவில்லை. தமிழ் அகலம் என்று மேலே சொன்னது தமிழைப் பற்றியதன்று, அலுவலகத் தமிழைப் பற்றியது என்று திருத்திக்கொள்க.

புறனடை

கூறாது ஒழிந்தன உளவெனின் அவற்றை
வாவியுள் நின்றாரைக் கேட்டனர் கொளலே.

ஒழிந்தன பல. திரையின் நெற்றியில் கமராவுக்குத் துளை போட்டு அதன் கீழ் எழுத்து ஒளிந்துகொள்வது ஒன்று. விடிய ஏழு மணி வெயிலில் தோணியில் நின்றால் எத்தனை இலட்சம் கண்ணும் ஒன்றையும் காட்டாது, நம் முகத்தைத்தான் காட்டும் என்பது ஒன்று. துடுப்பின் நுனியைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்ட ஊரில், கேட்பதற்குத் திரையே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. அதை வேறொரு கட்டுரையில் ஆராய்வோம்.

மறுநாள் தம்பி திருத்திய செயலியை மாமாவிடம் கொண்டு போனான். மாமா கையை நீட்டினார். நாடி உயர்ந்தது. புருவம் சுருங்கவில்லை. தம்பி மூச்சுவிடாமல் நின்றான்.

"எழுத்து இப்ப வடிவாத் தெரியுதா மாமா?"

"எழுத்துப் பெரிசாத்தான் கிடக்கு மனே," என்றார் மாமா, போனைச் சொப்பிங் பேக்குக்குள் சுற்றியபடி. "இறால் விலதான் இன்னும் சின்னனாக் கிடக்கு."