அரிசிக்குத் தொட்டுக்கொள்ள அரிசி

ஜப்பானியர்கள் அரிசியில் சோறு பொங்குவார்கள், சாகே காய்ச்சுவார்கள், மோச்சி இடிப்பார்கள், வினிகர்கூட எடுப்பார்கள். நூடுல்ஸ் என்று வந்தால் மட்டும் அரிசியைக் கைவிட்டுவிடுவார்கள். உடோன், சோமென், ராமென் எல்லாமே கோதுமை.

குற்றவாளி அந்த ஊர் அரிசிதான். அதில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு, அதனால் வெந்தால் ஒட்டும். குச்சியால் அள்ளச் சௌகரியம். ஆனால் இழையாகப் பிழிந்தால், சொத்துத் தகராறே இல்லாத கூட்டுக்குடும்பம் மாதிரி பிரிய மறுக்கும்.

அதனால் அரிசி நூடுல்ஸ் வெளியூரிலிருந்து வரவேண்டியதாயிற்று. பெயர் பீஃபுன். தைவானில் பிறந்த தகமுரா கென்மின் 1950இல் கோபே நகரில் இதைத் தயாரிக்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து தைவான் பக்கமிருந்து திரும்பியவர்களின் நாக்கு இதற்காக ஏங்கிக்கொண்டிருந்தது. 1960இல் மசாலா ஏற்றிய இழையே வந்துவிட்டது. ஊறவைக்கும் வேலைகூட இல்லை. வாணலியில் இழை, பன்றியிறைச்சி, முட்டைக்கோஸ், காரட், கொஞ்சம் தண்ணீர், மேலே ஒரு மூடி. சமையல் முடிந்தது.

முடியாதது குடைமிளகாய்ச் சண்டை. குளிர்பெட்டியில் மிஞ்சியதையெல்லாம் பீஃபுனில் தள்ளுவது தாய்மாரின் தர்மம். குடைமிளகாயைக் கண்டால் முகம் சுளிப்பது ஜப்பானியப் பிள்ளைகளின் பிறப்புரிமை. 'பீஃபுனில் அதைப் போட்டுடாதீங்க' என்று ஒரு குழந்தை கோபே இருக்கும் கன்சாய் வட்டாரத்து வழக்கில் கெஞ்சும், தகமுரா கம்பெனியின் தொலைக்காட்சி விளம்பரம் அந்தப் பக்கத்தில் வெகு பிரபலம். தன் பண்டத்தில் எதைப் போடக்கூடாது என்று காசு கொடுத்துச் சொன்ன கம்பெனி வேறு உண்டோ!

1993இல் ஜப்பானில் கோடை குளிர்ந்து நெல் விளைச்சல் படுத்தது. தாய்லாந்து அரிசி கப்பலேறி வந்தது. 'வாசனை பிடிக்கவில்லை, உதிர்கிறது' என்று மூக்கைப் பிடித்தார்கள். பீஃபுனுக்கு வேண்டியது அந்த உதிரும் சாதி அரிசியேதான். மணியாக வந்தால் ஆகாது. இழையாக வந்தால் இன்னொரு கரண்டி!

உள்ளூர் ஆராய்ச்சியாளர்கள் பின்னர் 'கோஷி நோ கஓரி' என்று, அமைலோஸ் மிகுந்த, நூடுல்ஸுக்கென்றே ஒரு நெல்லை உருவாக்கியிருக்கிறார்கள். ஒட்டும் அரிசிக்குப் பேர்போன நீகாத்தா மாநிலத்தில் ஒட்டாத அரிசி!

இத்தனைக்கும் பல வீடுகளில் பீஃபுன் முழுச் சாப்பாடு அல்ல, சோற்றுக்குத் தொடுகறி. யாராவது விருந்துக்கு அழைத்து இரண்டையும் பரிமாறினால், எது எதற்குத் தொட்டுக்கொள்ள என்று கேட்டு வைக்காதீர்கள். மிசோ சூப் ஆறிவிடும்.