அம்பாரத்துக்கு ஓலை, வீட்டுக்கு வாஸ்து

வா மாப்ள, உக்காரு. கையில என்னா, கம்பளியா? புதுச்சேரியில போய் வாங்கினதா? நல்ல சாமான். "குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் பண்ணிட்டேன் மாமா"ன்னு நீ சொன்னதும் எனக்கே சிலிர்த்துப் போச்சு. மார்கழிப் பனிக்கு ஒரு துண்டைக் காதைச் சுத்திக் கட்டினா மரக்காணத்துல குளிர் முடிஞ்சுது. நமக்குக் குளிர்காலம்னா ஐப்பசி, கார்த்திகை. அது வரும்போதே கூரையைப் பிரிச்சிக்கிட்டுதான் வரும். இருந்தாலும் கம்பளியை வெச்சிக்கோ. ஓதம் ஏறின தரையைத் துடைக்க ஆகும்.

வீட்டை எப்படித் தயார் பண்றதுன்னு உப்பளத்துக்காரனைக் கேட்டிருக்கணும் நீ. தையில பாத்தி மிதிச்சி, வெயில் காலம் பூரா உப்பு வாரி, புரட்டாசி கழியறதுக்குள்ள அம்பாரமாக் குவிச்சி மேல ஓலை வேஞ்சிடுவோம். ஈசிஆர்ல கார்ல போறவங்க குடிசைன்னு நெனைச்சி வண்டியை நிறுத்திப் படம் புடிப்பாங்க. உள்ள குடியிருக்கிறது உப்பு. ஓலை அடுக்கறதுல ஒரு பொத்தல் விட்டாப் போதும், மொதலாளி வாயில வர்றதை இங்க சொல்ல முடியாது. அந்த அம்பாரத்துக்குப் போட்டு மிஞ்சினது, கழிச்சது, அதுதான் இத்தனை வருசமும் என் வீட்டுக் கூரை. உப்பு கரைஞ்சா நஷ்டம். நான் நனைஞ்சா காஞ்சிடுவேன் இல்ல?

உன் கதை வேற. மெத்தை வீடு. வாஸ்துக்காரர் சொன்னாருன்னு ஈசானிய மூலையைத் தாழ்வா விட்டு, அந்தப் பக்கமே ரெண்டு பெரிய ஜன்னலும் வெச்சிட்ட. வடகிழக்குப் பருவமழைன்னு ரேடியோவுல சொல்றானே, அந்த வடகிழக்கும் உன் ஈசானியமும் ஒண்ணுதான் மாப்ள. மழை பாவம், வழி தெரியாம அலையக் கூடாதுன்னு திக்கு பாத்துத் திறந்து வெச்சிருக்க. வாஸ்து எழுதின மகராசன் எந்த ஊரோ, மரக்காணத்துல ஒரு கார்த்திகையாவது இருந்துட்டு எழுதியிருக்கலாம். அந்த ஜன்னல் கொண்டியை இன்னிக்கே மாத்து. மேல ஒரு சாய்ப்பு எறக்கு.

பூச்சுல வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கே, அது என்னா, டிசைனா? மணல் எங்க வாங்கினன்னு நான் கேக்கப் போறதில்ல. ராத்திரியில வந்த மணல், பாதி விலை, அவ்வளவு போதும். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சாகணும், உன் சுவரும் அப்படித்தான். காத்துல ஈரம் ஏற ஏற இழுத்துக் குடிச்சிக்கிட்டே இருக்கும். குடிச்சது உள்ள இருக்கிற கம்பிக்குப் போகும். கம்பி துரு ஏறினா பருத்துக்கும், பருத்தா மேல இருக்கிற காரையைப் பேத்துத் தள்ளும். உப்பு தின்ன கம்பி உப்பும்னு வெச்சிக்கோயேன். வெடிச்ச எடத்தை இப்பவே கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, ஆத்து மணல் கலந்து பூசு. மேல பெயிண்டு அடிச்சி மறைக்கலாம்னு பாக்காத, அது பல் சொத்தைக்கு மீசை வளக்கிற கதை.

அப்புறம் அந்தப் பத்திரம். "தண்ணி நிக்காத மனை"ன்னு வித்தவன் எழுதிக் குடுத்திருக்கான்னியே, பீரோவுல வெச்சிக்காத, வாசல்ல மாட்டு. படிச்ச தண்ணியா இருந்தா பாத்துட்டுத் திரும்பிடும். திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிங்க ரொம்பி வழியற தண்ணியெல்லாம் கழுவெளியில எறங்கி, எடையந்திட்டு முகத்துவாரம் வழியாத்தான் கடலைப் பாக்கணும். கழுவெளியை 2021ல அரசாங்கம் பறவைங்க சரணாலயம்னு அறிவிச்சாங்க. எங்க தண்ணி நிக்கும்னு கொக்குக்குத் தெரியும். மனை வாங்கறதுக்கு முன்ன அதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? ஏறினது போவல. சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் மாதிரி அங்கயே மணிக்கணக்கா உக்காந்துடுச்சி. மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை, உன் முட்டி ஒயரம். அவ்வளவு தண்ணிக்கும் வழி வேணும் இல்ல? உன் காம்பவுண்டு சுவரு நிக்கிற எடம் என் தாத்தா காலத்து வாய்க்கால். அடியில நாலு ஓட்டை விடுடான்னா "எலிவேஷன் கெட்டுடும் மாமா"ன்ற. சரி, விடாத. தண்ணியே வந்து போட்டுக்கும். ஆனா அது இஞ்சு டேப்பு கொண்டாராது.

மாடியில தகர ஷீட்டு வேற. 2020 நவம்பர் 25 ராத்திரி நிவர் நம்ம ஊரை ஒட்டித்தான் கரை ஏறுச்சி, மணிக்கு 120, 130 கிலோமீட்டர் காத்து. மேலத்தெரு ஷீட்டு கீழத்தெருவுல எறங்கி, யாருதுன்னு ஒரு வாரம் பஞ்சாயத்து. காத்து அடியில பூந்துதான் ஷீட்டைத் தூக்கும். துரு புடிச்ச கொக்கியை மாத்து, மணல் மூட்டை ஏத்து, குறுக்க கயிறு போட்டுக் கட்டு. குப்பத்துல பழைய வலையைக் கூரை மேல விரிச்சி நாலு மூலையும் இழுத்துக் கட்டுவாங்க, அந்த வித்தையை எந்த இன்ஜினியரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. சின்டெக்ஸை ரொப்பி வை. காலி டேங்கு பறக்கும், ரொம்பின டேங்கு கரண்டு இல்லாத நாலு நாளைக்குக் குடிக்கக் குடுக்கும். முருங்கையைக் கழிச்சி விடு, இல்லன்னா அதுவே உன் கார் மேல படுத்துக்கும்.

இன்னொண்ணு. நடுவுல காத்து சட்டுனு அடங்கினா போன் எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடாத. அது புயலோட கண்ணு. கொஞ்ச நேரத்துல எதிர்த் திக்குலயிருந்து மறுபடி அடிக்கும். மொதல்ல ஆட்டி வெச்சதை அப்பத்தான் புடுங்கும்.

கர்ணனுக்கு அப்புறம் கொடையும் இல்ல, கார்த்திகைக்கு அப்புறம் மழையும் இல்லன்னு உங்க அத்தை சொல்லுவா. அதை நம்பிக் கயிற அவுத்துடாத. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்னிக்கு, மார்கழி பாதியில வந்துது. பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோட சாய்ச்சிட்டுப் போச்சி. அதுக்கு யாரும் பழமொழி சொல்லிக் குடுக்கல போல.

மழை எறங்கிட்டா தை வரைக்கும் அளத்துல கூலி கெடையாது. அதனால நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கே அம்பாரத்துக்கு ஓலை ஏத்தறோம். நீயும் வந்து ஒரு கை புடி. வரும்போது கடப்பாரை எடுத்தா, முடிச்சிட்டு நேரா உன் சுவத்துக்குப் போவோம். கம்பளியை அத்தைகிட்டக் குடுத்துட்டுப் போ.